தெரு யாருடையது?

(மாவட்ட மைய நூலகம் ஒன்றில், நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நவம்பர் 14 வந்தால் குழந்தைகள் நாளும் நூலக வாரமும் சேர்ந்தே தொடங்குகின்றன. கூடவே கைபேசியில் ஒரு செய்தியும் வந்து சேரும். நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். பாதிப் பேர் நாலு பேருக்கு அனுப்பியும் இருப்பீர்கள். பம்பரம் விட்ட கடைசித் தலைமுறை நாம், தெருக்குழாயில் கை குவித்துத் தண்ணீர் குடித்த கடைசித் தலைமுறை நாம், இருட்டும்வரை வீடு திரும்பாத கடைசித் தலைமுறை நாம் என்று அது போகும். முடிவில், பாவம் இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சைக் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம் என்றுதான் வந்திருக்கிறேன். அதில் வயதின் ஏக்கம் எவ்வளவு, மறதி எவ்வளவு, உண்மையான இழப்பு எவ்வளவு?

முதலில் வயதின் ஏக்கத்தைக் கழித்துவிடுவோம். புறநானூற்றில் 243-ஆம் பாட்டு. பாடியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் ஊன்றுகோலை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். கோலூன்றி நடுங்கி நடக்கிற, இருமலுக்கு நடுவே சில சொல் பேசுகிற ஒரு முதியவர் தன் இளமையை நினைக்கிறார். மணலில் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டியதையும், பெண்பிள்ளைகளோடு கைகோத்துக் குளத்தில் ஆடியதையும் சொல்கிறார். நீர்மேல் தாழ்ந்த மருத மரக்கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் மலைத்துப் போகும்படி குதித்து, ஆழத்தில் மூழ்கி அடிமணலை அள்ளி வந்து காட்டியதையும் சொல்கிறார். அந்த இளமை இப்போது எங்கே போயிற்றோ என்று இரங்குகிறார்.

ஏறக்குறைய 2,000 ஆண்டுக்கு முந்தைய பாட்டு. அவர் காலத்தில் கைபேசி கிடையாது, டியூஷன் கிடையாது, ஸ்கூல் வேன் கிடையாது. குளம் அங்கேயேதான் இருந்திருக்கும். அடுத்த தலைமுறைப் பையன் அதே கிளையிலிருந்து குதித்துக்கொண்டிருந்திருப்பான். போனது அவருடைய வயது. ஆகவே நம் பெருமூச்சில் ஒரு பங்கை இவர் பேரில் எழுதிவிட வேண்டும். முழங்கால் வலி வந்த பிறகு எல்லோருடைய பால்யமும் பொற்காலம்தான்.

அடுத்தது மறதி. இருட்டும்வரை விளையாடிய அந்த ‘நாம்’ யார்?

பிள்ளைத்தமிழ் நூல்களை இந்த நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்று ஒரு பருவம் வரும். பெண்பிள்ளைகள் தெருவில் மணல்வீடு கட்டுகிறார்கள். பையன் வந்து காலால் எத்துகிறான். எங்கள் வீட்டைச் சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். தெருவில் யாருக்கு என்ன உரிமை என்பது அந்தப் பருவத்திலேயே தெரிந்துவிடுகிறது. நம் காலத்தில் அந்த மணல்வீட்டுக்கும் வயது வரம்பு இருந்தது. பெண் பெரியவளான அன்றோடு அவளுக்குத் தெரு முடிந்தது. அப்புறம் திண்ணை, அதற்கப்புறம் ஜன்னல். அதற்கு முன்னாலும் அவள் முழு ஆளாக விளையாடியதில்லை. இடுப்பில் தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டே நொண்டி ஆடிய அக்காக்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! பெண்ணின் திருமண வயது சட்டத்தில் 18 ஆனதே 1978-இல்தான்.

சாதியைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எந்தக் குளத்தில் யார் குதிக்கலாம், எந்தக் கிணற்றில் யார் நீச்சல் பழகலாம், எந்தத் தெருவழியே யார் சைக்கிள் மிதித்துப் போகலாம் என்பதெல்லாம் எழுதப்படாத சட்டமாக இருந்தது. ஊர்ப் பையனுக்கு விளையாட்டு மைதானமாக இருந்த இடம் காலனிப் பையனுக்குக் கால் வைக்க முடியாத இடம்.

வேலைக்குப் போன பிள்ளைகளும் இருந்தார்கள். சிவகாசி வட்டாரத்தில் விடியுமுன்னே கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளைத் தூக்கத்திலேயே ஏற்றிக்கொண்டு போன பஸ்களை நினைத்துப் பாருங்கள். தீக்குச்சி அடுக்கிய அந்தக் கைகளைப் பற்றிச் சலம் பென்னூர்க்கர் 1990-இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். இருட்டும்வரை வீடு திரும்பாத தலைமுறை என்றால் அவர்களும்தான் அந்தத் தலைமுறை.

இன்னும் ஒன்று. 1971-இல் தமிழ்நாட்டில் பிறந்த 1,000 குழந்தைகளில் 100-க்கும் மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-இல் அது 13. அன்று தெருவில் ஆடிய எந்தக் கூட்டத்திலும் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிப்போன ஒரு பிள்ளை ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். இயற்கையாகப் பரவும் கிருமியால் அந்த நோய் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தையைத் தொட்டது 2011 ஜனவரியில். இன்றைய பிள்ளைகளைப் பாவம் என்று சொல்லுமுன் இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே போல, கூடியிருக்கிற சுதந்திரத்தையும் சொல்ல வேண்டும். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிக்கக் கற்றதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பின்னால் அரசே பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்தது. சீருடையும் இரட்டைச் சடையுமாக ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து சைக்கிளில் பள்ளிக்குப் போகிற காட்சி அவர்களுடைய பாட்டிகளுக்குக் கனவிலும் கிடையாது.

சரி, ஏக்கத்தைக் கழித்தாயிற்று, மறதியையும் கழித்தாயிற்று. மிச்சம் ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் மேயர் ஹில்மன், ஜான் ஆடம்ஸ், ஜான் ஒயிட்லெக் என்ற மூவர் செய்த ஆய்வு அது. 1971-இல் அங்கே ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணை இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் மறுபடி கேட்டபோது அது 9 சதவீதமாகிவிட்டது. இரண்டு பத்தாண்டுக்குள் இவ்வளவு சரிவு! காரணம் கேட்டால் பெற்றோர் முதலில் சொன்னது போக்குவரத்து. இதே காலத்தில் சாலை விபத்தில் சாகும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. சாலைகள் பத்திரமாகிவிட்டன என்று அரசாங்கம் பெருமைப்பட்டது. சாலை பத்திரமாகவில்லை, பிள்ளைகளைச் சாலையிலிருந்து எடுத்துவிட்டோம், அதனால்தான் சாவு குறைந்தது என்று இந்த மூவரும் காட்டினார்கள். 1990-ஐ நன்றாகக் கவனியுங்கள். அன்று பிள்ளைகள் கையில் கைபேசி இல்லை.

நம் ஊர்க் கணக்கு என்ன? 1981-இல் இந்தியா முழுவதும் பதிவாகியிருந்த மோட்டார் வாகனங்கள் ஏறத்தாழ 54 லட்சம். 2011-இல் அது 14 கோடியைத் தாண்டியது. அதே முப்பது ஆண்டில் மக்கள்தொகை 68 கோடியிலிருந்து 121 கோடியானது. ஆள் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. வண்டி 26 மடங்கு. தெருவின் அகலமோ அதே 20 அடி. ஓடுகிற வண்டியாவது அவ்வப்போது வழி விடும். இரவும் பகலும் வாசலில் நிற்கிற வண்டிதான் ஆடுகளத்தையே எடுத்துக்கொண்டது. கிட்டிப்புள் அடிக்க இடம் வேண்டும். கார் கண்ணாடியில் பட்டால் யார் பணம் கொடுப்பது?

அதோடு குடும்பமும் சிறுத்தது. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நாலு குழந்தைகள். இப்போது ஒன்றரைக்கும் குறைவு. அது நல்லதுதான், அந்தத் தாய்மார்களைக் கேட்டால் தெரியும். ஆனால் முன்பு இருபது வீடுள்ள தெருவில் ஐம்பது பிள்ளைகள் கிடைத்தார்கள். இப்போது பதினைந்து பேர் தேறினால் அதிகம். அந்தப் பதினைந்து பேரும் ஏழு வெவ்வேறு பள்ளிகளில் படிக்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு தெரு என்றால் ஒரு பள்ளிக்கூடம். இன்று காலை ஏழரைக்கு ஒவ்வொரு வாசலுக்கும் ஒவ்வொரு பள்ளியின் வேன் வந்து நிற்கிறது. எதிர்வீட்டுப் பையன் பெயரே தெரியாமல் பத்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தண்ணீரும் போயிற்று. கொங்கு நாட்டுப் பக்கமெல்லாம் சுரைப்புருடையை முதுகில் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டுத்தான் நீச்சல் பழக்கினார்கள். மின்மோட்டார் வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது, நிலத்தடி நீர் கீழே கீழே போயிற்று. திறந்த கிணறுகள் பாழ்ங்கிணறாயின. ஆறுகளிலோ மணல் அள்ளிய பள்ளங்கள். மேலே பார்த்தால் இடுப்பளவுத் தண்ணீர் போலத் தெரியும். உள்ளே இரண்டு ஆள் ஆழம். விழுத்தண்டினார் மூழ்கி அள்ளி வந்த மணலை நம் காலத்தில் லாரிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டன. நீச்சல் பழகும் வழியும் அடைபட்டு, இருக்கிற தண்ணீரும் ஆபத்தாகிவிட்டதால், ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தியைப் படிக்கிறோம். ஆற்றுக்குப் போகாதே என்று அதட்டுகிற தாயைக் குறை சொல்ல முடியுமா?

அப்புறம் பயம். 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு நின்ற இடத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். தெருவில் நிற்கிற பிள்ளைக்கு ஒரு கிழவி தின்பண்டம் கொடுப்பதைக்கூடக் குற்றமாகப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டோம்.

பயமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னார்கள். துன்புறுத்தியவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். இந்தக் கொடுமை அந்தக் காலத்திலும் இருந்தது. வாய் திறந்து சொல்லத்தான் வழி இல்லை. 2012-இல் போக்சோ சட்டம் வந்த பிறகு அந்த வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. கதவைப் பூட்டுவதைவிட, என்ன நடந்தாலும் சொல் என்று பிள்ளைக்குத் தைரியம் கொடுப்பதுதான் பெரிய காவல்.

இத்தனைக்கும் கடைசியாக வந்ததுதான் கைபேசி. சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் வந்தது. 1993-இல் சன் டிவியும் அதைத் தொடர்ந்து வீட்டுக்கு வீடு கேபிளும் வந்தன. மலிவு விலை இன்டர்நெட் 2016-இல்தான் வந்தது. அதற்குள் தெருவில் வண்டி நிறைந்து, கிணறு வற்றி, கூட்டாளிகள் வேனில் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். வெளியே போகாதே என்று நாமே சொல்லி உட்கார வைத்த பிள்ளையின் கையில், நாமே வாங்கிக் கொடுத்ததுதான் அந்தக் கருவி. இப்போது அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று திட்டுகிறோம்.

இப்படிப் போனதில் விலைமதிப்புள்ளது எது? பம்பரமும் கோலியும் போனதற்காக நான் வருந்தவில்லை. ஆட்டங்கள் வரும், போகும். தேவநேயப் பாவாணர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ என்று ஒரு நூலே எழுதி வைத்திருக்கிறார். வேண்டும்போது எடுத்துப் படித்துக்கொள்ளலாம். பெரியவர் யாரும் இல்லாமல் பிள்ளைகள் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டார்களே, அந்தப் பழக்கம்தான் பெரிய இழப்பு.

உத்தி பிரிப்பது எப்படி என்று இங்கிருக்கும் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பின்வரிசை மாணவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் இரண்டு பேர் தலைவர்கள் ஆவார்கள். மற்றவர்கள் ஏறக்குறையச் சம பலமுள்ளவர்களாக இரண்டிரண்டு பேர் ஜோடி சேர்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு தூரமாகப் போய், ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்வார்கள். ஒருவன் சூரியன், ஒருவன் சந்திரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து, சூரியன் வேண்டுமா சந்திரன் வேண்டுமா என்று கேட்பார்கள். எந்தப் பெயர் யாருக்கு என்று தெரியாமல் தலைவன் ஒன்றைச் சொல்வான்; அந்த ஆள் அவன் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம். கெட்டிக்காரர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சேர வழியே கிடையாது. வேண்டியவன் வேண்டாதவன் என்று பார்க்கவும் வழி கிடையாது. இந்த ஏற்பாட்டை எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுக்கவில்லை; பெரிய பிள்ளைகளைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் படித்தார்கள்.

ஆட வயது போதாத குட்டித் தம்பி அழுதால் அவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவனும் ஓடுவான், பிடிப்பான். ஆனால் அவன் அவுட் ஆனால் கணக்கில் வராது. இளையவனை ஒதுக்கவும் கூடாது, ஆட்டமும் கெடக் கூடாது. அதற்குப் பத்து வயதுப் பிள்ளைகள் கண்ட வழி அது. அழுகுணி ஆட்டம் ஆடுகிறவனை மறுநாள் சேர்க்க மாட்டார்கள், அதுதான் தண்டனை. காய் விட்டவர்கள் இரண்டு நாளில் பழம் விட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆட ஆள் கிடையாது. சண்டையும் சமாதானமும் அங்கேயே நடந்தன.

இன்று விளையாட்டு இல்லாமல் இல்லை. மாதக் கட்டணம் கட்டி, பனியன் போட்டு, பயிற்சியாளர் விசிலுக்கு ஓடுகிறார்கள். உடம்புக்கு அது நல்லதுதான். ஆனால் அணியை அவர் பிரிக்கிறார், அவுட்டை அவர் சொல்கிறார், சண்டையையும் அவரே தீர்த்துவைக்கிறார். ஆட மட்டும்தான் பிள்ளைகளுக்கு அனுமதி. கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த அனுமதியும் இல்லை.

இதெல்லாம் காலத்தின் கோலம், மாற்ற முடியாது என்பவர்களுக்கு இரண்டு நாடுகளைக் காட்டுகிறேன். நெதர்லாந்தில் 1971-இல் மட்டும் சாலை விபத்தில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். மகளை விபத்தில் இழந்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர் அடுத்த ஆண்டு, குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்ற தலைப்பில் எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது. பெற்றோர்கள் தெருவை மறித்தார்கள், சாலையில் மேசை போட்டுச் சாப்பிட்டார்கள், பிள்ளைகளைத் தெருவில் இறக்கி விளையாட விட்டார்கள். அதற்கென அறிவிக்கப்பட்ட குடியிருப்புத் தெருக்களில் நடப்பவர்களுக்கே முதல் உரிமை, பிள்ளைகள் தெருவிலேயே விளையாடலாம், வண்டி ஆள் நடக்கும் வேகத்தில்தான் போக வேண்டும் என்று 1976-இல் சட்டமே வந்தது.

ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் தாங்களாகவே நடந்து பள்ளிக்குப் போகிறார்கள். மூத்த மாணவர் முன்னே போக, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வரிசையாகப் போவதும் உண்டு. சாலை கடக்கும் இடத்தில் ஊர்ப் பெரியவர்கள் கொடி பிடித்து நிற்பார்கள். முதன்முறையாகத் தனியே கடைக்குப் போகிற சின்னஞ்சிறு பிள்ளைகளைக் காட்டும் நிகழ்ச்சி அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் 1991-இல் தொடங்கியது. அந்தப் பிள்ளைகளின் தைரியத்தை நாம் மெச்சுகிறோம். அதற்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. கார் நிறுத்தத் தெருவுக்கு வெளியே இடம் வைத்திருப்பதாகக் காட்டினால்தான் அங்கே பொதுவாகக் கார் வாங்க முடியும். 1962-இல் வந்த சட்டம்.

நம்மிடம் சட்டமே இல்லையா? இருக்கிறது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீத இடத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. சென்னை மாநகராட்சி 2014-இலேயே, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019-இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதையைத் திறந்தது. கடைக்கு வருகிறவர்களுக்குச் செய்ததைக் குடியிருக்கிற பிள்ளைகளுக்கும் செய்யலாம்.

ஆகவே என் வேண்டுகோள்களைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது பெரியவர்களுக்கு. உங்கள் மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். பூங்கா என்று குறித்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். குப்பையும் முள்வேலியும் இருந்தால் கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ எழுந்து கேளுங்கள். பூட்டிக் கிடக்கும் பள்ளி மைதானத்தை மாலையில் ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் திறந்துவிடச் சொல்லி மனுக் கொடுங்கள். அனைவருக்கும் என்றால் பெண்பிள்ளைக்கும் காலனிப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். பழைய தெருவை அப்படியே திரும்பக் கேட்க நான் வரவில்லை. இரண்டாவது பெற்றோருக்கு. தெருமுனைக் கடைவரை பிள்ளையைத் தனியே அனுப்பத் தொடங்குங்கள். மகனை அனுப்புகிற வயதில் மகளையும் அனுப்புங்கள். மூன்றாவது, ஓய்வு பெற்ற என் போன்றவர்களுக்கு. மாலை நேரத்தில் தொலைக்காட்சி முன்னால் உட்காரும் நாற்காலியை வாசலில் போட்டு உட்காருங்கள். பிள்ளைகளைக் கண்காணிக்க வேண்டாம், உபதேசமும் வேண்டாம். தெருவில் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்பதே போதும்.

அந்தக் கடைசித் தலைமுறைச் செய்தி அடுத்த நவம்பரிலும் வரும். அதை நாலு பேருக்கு அனுப்பும் நேரத்தில் அந்த மனுவை எழுதிவிடலாம்.